பெட்டிக்குள் இருக்கும் சேர்

மூங்கித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு ஏறுகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் கிழமையிலேயே ஒருதரம் பயந்துவிடுவார்கள். பயம் காட்டுவது மார்ஜரி டீச்சர் இல்லை. மேசைமேல் இருக்கிற கசெட் பெட்டி. டீச்சர் அதன் பொத்தானை அமுக்கிவிட்டு, தன்பாட்டில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்விடுவாள். பெட்டிக்குள் யாரோ ஒரு ஆள் தொண்டையைச் செருமுவார்.

"கொப்பியத் திறங்க. திகதி போடுங்க. பின் வாங்கில உக்காந்திருக்கிறவரே, உங்களத்தான் சொல்றேன். கூன் போடாம நிமிந்து உக்காருங்க!"

பின் வாங்குப் பலகையில் யார் இருந்தாலும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஆள் இல்லை, கண் இல்லை, பெட்டி எப்படிப் பார்க்கிறது? பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மளமளவென்று கொப்பியைத் திறப்பார்கள். ஒரு மாதம் போனால் பயம் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குரல் வாத்தியாருக்குப் 'பெட்டி சேர்' என்று பெயர். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினார்கள், பெயர் மாறவில்லை.

பெட்டி சேரின் முறையும் மாறவில்லை. சொல்வதெழுதலை முதலில் முழுதாக ஒருதரம் வாசிப்பார். பிறகு துண்டு துண்டாக, புள்ளி எங்கே, கேள்விக்குறி எங்கே என்றெல்லாம் சேர்த்துச் சொல்லுவார். நடுவில் இரண்டு இடத்தில் இருமுவார். ஒரு இடத்தில், "பக்கத்துக் கொப்பியில என்னப்பா தேடுறீங்க?" என்று அதட்டுவார். கசெட்டின் முதல் பக்கம் முடிகிற நேரத்தில், "பெட்டியத் திறந்து கசெட்டத் திருப்பிப் போடுங்க. நான் மறுபடி ஒருதரம் வாசிக்கிறேன்" என்பார். வகுப்புத் தலைவி எழுந்து திருப்பிப் போடுவாள். மறுபக்கத்தில் முழுவதையும் மறுபடி வாசிப்பார். பிள்ளைகள் பிழை திருத்திக்கொள்வார்கள். கடைசியில், "நல்லா எழுதினவங்களுக்கு ஒரு கைத்தட்டு. எழுத வராதவங்களுக்கும் ஒரு கைத்தட்டு, அவங்க நாளைக்கு எழுதுவாங்க" என்று முடிப்பார். வகுப்பு கைதட்டும். அந்தக் கைத்தட்டல் கேட்கிற வரைக்கும் மார்ஜரி இந்தப் பக்கம் திரும்பமாட்டாள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, சோக்கைப் பிடித்த கையோடு நிற்பாள்.

அந்தக் குரல் யாருடையது என்று அவள் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. அது அவளுடைய புருஷன் கிறிஸ்தோபருடைய குரல்.

இரத்தோட்டைக்கு மேலே, பஸ் போகாத பாதையில், தேயிலை மலையின் மடியில் இருக்கிற பள்ளிக்கூடம் அது. தடுப்புச் சுவர் இல்லாத ஒரே மண்டபம். எண்பதுகளில் அங்கே படிப்பித்தது இரண்டே பேர். ஒருவர் உக்குவளை ஊர்க்காரர் கிறிஸ்தோபர். மற்றது அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, வாத்திச்சியாகத் திரும்பி வந்த மார்ஜரி. இரண்டு வாத்தியார், ஐந்து வகுப்பு. ஒரு வகுப்புக்கு வாசிக்கக் கொடுத்தால் மற்ற வகுப்பு தூங்கும். அதை எழுப்பினால் அடுத்த வகுப்பு அடிதடியில் இறங்கும். இந்த இழவுக்கு ஒரு வழி வேண்டும் என்று கிறிஸ்தோபர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், லயத்தில் எவனோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கசெட் பெட்டியில் அலறிய பாட்டை இதே பிள்ளைகள் வாய் திறந்தபடி, ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். அடுத்த மாதமே ஒரு பழைய பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாட்டுப் பெட்டிய வச்சா படிப்பிக்கப் போறீங்க?" என்று மார்ஜரி சிரித்தாள். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதமும் ஆகவில்லை.

"நான் இங்க ஒருத்தன் இருக்கேன். பெட்டிக்குள்ள இன்னொருத்தன். இப்ப நம்ம மூணு வாத்தியாரு, கணக்குச் சரியா?" என்றார் அவர்.

சும்மா சொல்லக் கூடாது, கணக்குச் சரியாகத்தான் வந்தது. ஒரு வகுப்பு கசெட்டைக் கேட்டு எழுதும்போது மற்றதற்கு அவர் படிப்பிப்பார். வாய்ப்பாட்டுக்கு ஒரு கசெட், வாசிப்புக்கு ஒன்று, சொல்வதெழுதலுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்தார். மின்சாரம் இல்லாத காலம். பெட்டியைப் பற்றரியில்தான் ஓட்டினார்கள். யாரும் அழித்துவிடக் கூடாது என்று, கசெட்டின் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இரண்டையும் உடைத்துவிடுவார். அந்தப் பல் உடைந்த கசெட்டில் புதிதாக எதையும் பதிய முடியாது. மார்ஜரி தன் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டு வைப்பாள். அந்த வேலையைச் செய்ய அவளுக்கு அத்தனை பிடிக்கும்.

எண்பத்தொன்பதாம் வருஷம் வந்தது. மாத்தளைப் பக்கத்தில் அந்த வருஷத்தைப் பற்றி இன்றைக்கும் யாரும் உரத்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டு என்று கிளர்ச்சிக்காரப் பக்கம் நோட்டீஸ் ஒட்டியது. திற என்று அரசாங்கப் பக்கம் உத்தரவு போட்டது. கிறிஸ்தோபர் திறந்து வைத்தார். யாருக்காகவும் இல்லை, பிள்ளைகள் வந்து படியில் உட்கார்ந்திருந்தார்கள், திறந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெறும் கசெட் வாங்கி வருகிறேன் என்று மாத்தளை டவுனுக்குப் போனார். போனவர் போனவர்தான்.

அவரைக் கடைசியாகக் கண்டது ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்த ஜவாஹிர் நானா. "ரெண்டு கசெட் வாங்கினாரு தங்கச்சி. கொஞ்ச நேரம் இருந்து பேசினாரு. பையத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாரு. நம்பர் இல்லாத ஜீப் ஒண்டு அந்தப் பக்கமாத்தான் போனது. அல்லா மேல ஆணையா அவ்வளவுதான் நான் கண்டது" என்றார். யார் கொண்டு போனார்கள், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, கடைசிவரை தெரியவில்லை. மார்ஜரி பொலிசுக்குப் போனாள், முகாமுக்குப் போனாள், கண்டிக்குப் போனாள். அழகான சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டாள், கெஞ்சினாள், ஒருதரம் அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்று கத்தியும் பார்த்தாள். ஆற்றங்கரையில் பிணம் கிடக்கிறது என்று சொன்ன இடத்துக்கெல்லாம் போய்ச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் பார்த்தாள். ஒன்றும் அவர் இல்லை.

சில வருஷம் போக, மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். "செத்தத யாரு பார்த்தது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். கோயிலிலும் அதே பேச்சுத்தான். நவம்பர் மாதம் ஆத்துமாக்கள் திருநாள் வந்தால், மரித்தவர்களின் பெயரை ஆட்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஃபாதர் பூசையில் வாசிப்பார். ஒவ்வொரு ஒக்டோபரும் ஃபாதர் அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார். எத்தனை ஃபாதர்மார் மாறி வந்தார்கள், எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. "எங்க வீட்டுப் பேர் அதுல வேணாம் ஃபாதர்."

கசெட்டுகள் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மலைநாட்டு ஈரத்தில் ஒன்றில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. இன்னொன்றைப் பெட்டியே மென்று தின்றது. அறுந்த நாடாவை ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றி, என்னென்னவோ செய்து பார்த்தும் ஒவ்வொன்றாகப் போய், சொல்வதெழுதல் கசெட் ஒன்றுதான் மிஞ்சியது. பெட்டியும் மூன்று தரம் மாறிவிட்டது. அந்தக் கடைசிக் கசெட்டை வீட்டில் கொண்டுபோய் வைக்கும்படி அக்கா, தங்கை, அதிபர் அந்தோனிமுத்து எல்லாரும் சொன்னார்கள். மார்ஜரி கேட்டால்தானே! அலுமாரிக்குள் வைத்துத் துணி சுற்றிப் பூட்டினால் அது செத்த மனுஷனின் குரல். வகுப்பில் ஓடினால், வேலைக்கு வந்த வாத்தியாரின் குரல். காலை பெல் அடித்து, இரண்டாம் பாடத்துக்கு அவர் செருமினால், அன்றைக்கு அவர் வந்துவிட்டார். அப்படித்தான் பதினெட்டு வருஷத்தை அவள் ஓட்டினாள்.

இதற்கிடையில் அவளும் பெட்டியை வைத்துத் தன் பங்குக்கு ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தாள். லயத்துப் பிள்ளைகள் சிலதுக்கு வகுப்பில் வாயே திறக்காது. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு கால் பெருவிரலால் நிலத்தைச் சுரண்டும். அப்படிப்பட்டதுகளைப் பெட்டிக்கு முன்னால் தனியாக உட்காரவைத்துப் பாடத்தை வாசிக்கச் சொல்லுவாள். பிறகு போட்டுக் காட்டுவாள். தன் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்ட பிள்ளைக்கு வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதற்கு என்ன கொடுத்தாலும் தகும். அடுத்த நாள் தானாகக் கை தூக்கும். இதற்குப் புதுக் கசெட் வாங்க வசதி ஏது? ஆட்கள் வீசுகிற பழைய பாட்டுக் கசெட்டுகளைக் கேட்டு வாங்கினாள். அதுகளுக்கும் முதுகில் பல் இருக்காது. கடதாசித் துண்டை உருட்டி அந்தப் பள்ளத்தில் திணித்தால் பெட்டி ஏமாந்துவிடும். பழையதை அழித்துப் புதிதைப் பதியும். இந்த வேலையை அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நாலாம், ஐந்தாம் வகுப்பில் அது தெரியாத பிள்ளை இல்லை.

டொறீன் அப்படி வாய் திறந்த பிள்ளைதான். தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து ஒரு தவணை முழுக்கப் பேசாமல் இருந்தவள். பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்த மூன்றாம் நாள், பாடத்தை விட்டுவிட்டு, "அம்மா, நான் டொறீன் பேசுறேன்" என்று தொடங்கினாள். அந்தக் கசெட்டை மார்ஜரி கப்பலுக்கும் விமானத்துக்குமாக யார் யாரையோ பிடித்துத் தாய்க்கு அனுப்பி வைத்தாள். இரண்டாயிரத்து ஏழில் டொறீன் ஐந்தாம் வகுப்புத் தலைவி. அலுமாரிச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்குக் கம்பியூட்டர் வந்தது. மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, பெரிய ஆட்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். போன கையோடு அதிபர் அந்தோனிமுத்து அதைப் பொலித்தீன் உறை கழற்றாமல் அறையில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், தொடக் கூடாது. மார்ஜரிக்குப் பொறுக்கவில்லை. "சேர், இதென்ன மாதா சுரூபமா, தூரத்தில நின்னு கும்பிட?" என்று கேட்டுச் சாவியை வாங்கிவிட்டாள். முப்பது பிள்ளைக்கு ஒரு கம்பியூட்டர். என்ன செய்தாள் தெரியுமா? மண்டபத் தரையில் சோக்கால் பெரிய பெரிய கட்டம் போட்டு எழுத்துப் பலகையை வரைந்தாள். ஒரு பிள்ளை கட்டத்துக்குக் கட்டம் பாய்ந்து தன் பெயரை மிதிக்க, இன்னொன்று உள்ளே உட்கார்ந்து அதே எழுத்தைத் தட்ட, திரையில் பெயர் விழுந்ததும் மண்டபம் கூரை பிய்கிற மாதிரிக் கத்தும். கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

செப்டம்பரில் மாத்தளை டவுனில் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். யுத்த காலம், வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். 'பிள்ளைகளின் கவனத்தை ஈர்ப்பது எப்படி' என்பது தலைப்பு. குரலைப் பதிந்து வைத்துப் பாடம் நடத்துவதுதான் இனிப் புதுமுறை என்று அதிகாரி ஒருவர் பேசினார். மார்ஜரிக்குச் சிரிப்பு வந்தது. எங்க வீட்டு மனுஷன் இதைப் பற்றரி போட்டுச் செய்தாரே என்று பக்கத்திலிருந்த டீச்சரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அது காதுக்குக் காது போய் அதிகாரியிடம் சேர்ந்தது. அவர் பூரித்துப்போய், அந்தக் கசெட்டை உடனே கம்பியூட்டருக்கு மாற்ற வேண்டும், வருஷ முடிவில் கல்வி வலயத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போட்டுக் காட்ட வேண்டும் என்று அதிபருக்கும் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் ஜவாஹிர் நானாவின் கடைக்குப் போனாள். ரேடியோக் கடை இப்போது கம்பியூட்டர்க் கடையாகியிருந்தது. எப்போது போனாலும் அவர் கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வரவழைப்பார்.

"தாங்க தங்கச்சி, நான் மாத்தித் தாறேன். ஒரு கிழமைக்கு எங்கிட்ட இருக்கட்டும். கிறிஸ்தோபர் மாஸ்டர் வந்தா கேட்டுச் சந்தோசப்படுவாரு" என்றார். அவர் பேச்சில் கிறிஸ்தோபர் எப்போதும் வரப் போகிறவர்தான். அதற்காகவே மார்ஜரிக்கு அவரைப் பிடிக்கும்.

"டிசம்பர் லீவுக்குக் கொண்டாறேன் நானா" என்றாள். கொண்டுவரும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஒரு கிழமை பெட்டி வாய் மூடியிருப்பதை நினைக்கவே முடியவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றிருந்தது. லயத்தில் ஆள் செத்தால், அடையாள அட்டையில் இருக்கிற சின்னப் படத்தை டவுனுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். செத்தவர்களுக்குத்தானே கொப்பி எடுப்பார்கள்! இருக்கிற ஆளுக்கு எதற்குக் கொப்பி?

ஆனால் அதிபர் விடவில்லை. கண்டால் கேட்டார், காணாவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்டார். ஒருநாள் வகுப்பு நடுவிலேயே வந்து நின்று, "டீச்சர், கசெட்டைக் கம்பியூட்டருக்குப் போட்டாச்சா? மேலே இருந்து கேக்கிறாங்க" என்றார்.

"போட்டாச்சு சேர், போட்டாச்சு. எல்லாம் கம்பியூட்டர்ல பத்திரமா இருக்கு" என்றாள் மார்ஜரி. ஆளைத் தட்டிக்கழிக்கச் சொன்ன பொய். முன் வாங்கில் டொறீன் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒக்டோபர் முதல் கிழமையில் ஆசிரியர் தினம் கொண்டாடினார்கள். காட்டுப் பூ மாலை, தலை பெரிதும் கை சிறிதுமாக டீச்சரை வரைந்த வாழ்த்து மட்டைகள், ஆளுக்கொரு ரொபி மிட்டாய். மார்ஜரி மாலையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. ஏதோ ஒளித்து வைத்திருக்கின்றன என்று அவளுக்கு விளங்கியது.

"டீச்சர், கண்ண மூடுங்க" என்றாள் டொறீன். பொத்தான் அமுங்கிய சத்தம் கேட்டது. இரைச்சல். பிறகு டொறீனின் குரலேதான், பெட்டிக்குள்ளிருந்து. "எங்கள் அன்பான மார்ஜரி டீச்சருக்கு நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு மாணவர்களின் ஆசிரியர் தின வாழ்த்துக்கள்!"

மார்ஜரி சிரித்தபடி கண்ணைத் திறந்தாள். பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் கசெட் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் சிவப்புப் பொட்டு இருந்தது.

எழுந்து நிறுத்த வேண்டும். கை வரவில்லை. நிறுத்தி என்ன ஆகப் போகிறது? போனது போய்விட்டது. சுற்றிலும் பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன, டீச்சருக்குச் சந்தோஷம் எப்போது வரும் என்று. ஐயோ ஆண்டவரே, இதுகளை என்ன சொல்லி ஏசுவது? ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் சொல்லி, டீச்சர் நல்லா இருக்கணும், டீச்சருக்கு நோய் நொடி வரக் கூடாது என்று வாழ்த்தியது. இடையில் பாட்டு. ஒருத்தி ஜெபமே சொன்னாள். கசெட்டின் அந்தப் பக்கம் முழுவதும் மார்ஜரி சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்கிப் பிடிக்கக் கன்னம் வலித்தது.

நாலாம் வகுப்பின் கடைசிப் பையன் வாழ்த்தி முடித்தான். டக் என்று ஒரு சத்தம். பதிவை அங்கேதான் நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்.

"பெட்டியத் திறந்து கசெட்டத் திருப்பிப் போடுங்க. நான் மறுபடி ஒருதரம் வாசிக்கிறேன்."

"ஐ, பெட்டி சேர்!" என்று பிள்ளைகள் கைதட்டின.

மார்ஜரி பாய்ந்து போனாள். மாலை மேசைமுனையில் மாட்டி அறுந்தது, அதையும் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தாள். கசெட்டின் முதுகில், இரண்டு பள்ளத்திலும், கொப்பித் தாளை நறுவிசாக உருட்டித் திணித்திருந்தது. அவள் சொல்லிக் கொடுத்தபடியே, துளி பிசகில்லாமல். திருப்பிப் போட்டாள். வாசியுங்கள், வாசியுங்கள் என்று மனதுக்குள் அவரைக் கெஞ்சினாள். பெட்டி இரைந்தது. ஐந்தாம் வகுப்பு ஒன்றுசேர்ந்து பாடத் தொடங்கியது. கடைசிவரைக்கும் பாடியது. நாடா முடிந்து, பாட்டு பாதியில் அறுந்த பிறகுதான் நின்றது.

"நல்லாருக்கா டீச்சர்?" என்று டொறீன் கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்கும்மா."

"வேற கசெட் எல்லாம் கொர கொரங்குது டீச்சர். இதுதான் நல்ல கசெட். பெட்டி சேரு கம்பியூட்டர்ல பத்திரமா இருக்காருதானே? அதான் எடுத்தோம்."

மார்ஜரி அந்தப் பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். முகம் தெரியக் கூடாது என்பதற்காக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "இருக்காரும்மா. பத்திரமா இருக்காரு" என்றாள்.

அடுத்த நாள் சொல்வதெழுதலுக்கு அவளே நின்றாள். ஒரு எழுத்து மாறாமல் அவர் சொன்னதையே சொன்னாள், அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஆனால் பின் வாங்கில் யாரும் நிமிரவில்லை. "பெட்டி சேரு வரலியா டீச்சர்?" என்று ஒரு குட்டி கேட்டது. சேருக்கு லீவு என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பக்கம் போய்க் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகுக்குப் பின்னால் மண்டபம் வெறிச்சென்று கிடந்தது.

சனிக்கிழமை கசெட்டை ஜவாஹிர் நானாவிடம் கொண்டுபோனாள். மனுஷன் கடையைப் பாதி மூடிவிட்டு, அந்த மெஷின் இந்த மெஷின் என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தார். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பிள்ளைகளின் சத்தத்துக்கு அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார். கடைசியில் காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மேல பதிஞ்சா அடியில ஒண்டும் மிஞ்சாது தங்கச்சி. அழிஞ்சது அழிஞ்சதுதான்." கசெட்டை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தார். "நல்ல மனுசனா இருந்தாரு" என்றார்.

இருந்தாரு. பதினெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து முதல்தரம் அந்தச் சொல் வந்தது. மார்ஜரி அவரை மறுத்துப் பேசவில்லை. பிளேன்டீ ஆறிப்போய்க் கிடந்தது.

"கடைசியில ஒரு பேச்சு மிஞ்சியிருக்கே. அதையாச்சும் கொப்பி பண்ணட்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மார்ஜரி தலையை ஆட்டினாள். "பண்ணுங்க நானா" என்றாள். அதைச் சொல்லும்போது தன் கையாலேயே ஒரு கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது அவளுக்கு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஒக்டோபரும் ஃபாதர் தயங்கித் தயங்கி வந்தார். அவர் கேட்கும் முன்னாலேயே மார்ஜரி ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினாள்.

ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு மலையில் உள்ள வேதக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்திருந்தார்கள். கோயில் நிறைந்து வாசல்வரை சனம். மார்ஜரி பின் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். பெயர்கள் ஒன்றா இரண்டா? மூச்சு விடாமல் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனார். எங்கேயோ கைக்குழந்தை ஒன்று வீரிட்டது. அந்த அழுகைக்குள் கிறிஸ்தோபர் என்ற பெயர் வந்து, அடுத்த பெயருக்குள் விழுந்து காணாமல் போனது.

மார்ஜரி எழுந்துவிட்டாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"ஃபாதர்!"

கோயில் முழுதும் திரும்பிப் பார்த்தது.

"மறுபடி ஒருதரம் வாசிங்க ஃபாதர்."

ஃபாதருக்கு விளங்கியது. தாளைக் கிட்டப் பிடித்து, நிதானமாக, அந்த ஒரு பெயரை மட்டும் வாசித்தார். மார்ஜரி வாங்கில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆற்றங்கரைகளில் அழாத அழுகை, கந்தோர் வாசல்களில் அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, அவள் இரண்டு கையையும் பிடித்து விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக டொறீன் வந்தாள். எரியாத மெழுகுதிரி ஒன்று கையில் இருந்தது.

"டீச்சர், அது யாரு பேரு?"

"எங்க வீட்டுக்காரரும்மா."

பிள்ளை மெழுகுதிரியை மற்றக் கைக்கு மாற்றினாள். "எப்ப செத்தாரு டீச்சர்?"

மார்ஜரி அந்தக் கண்ணைப் பார்த்தாள். எதுவும் தெரியாத கண். தெரியவும் கூடாது.

"ரொம்ப நாளாச்சும்மா" என்றாள். மெழுகுதிரியை வாங்கிப் பற்றவைத்து, காற்றுக்குக் கையால் மறைத்தபடி, பிள்ளையோடு சேமக்காலைக் கல்லறைகள் பக்கம் நடந்தாள்.